சுடுமண்ணும் கன்மண்ணும்

நீர் சேர வனைதற்கு இணங்குவதும், தீச் சேர மீளாது இறுகுவதுமான மண்ணே களிமண். பெல்சுபார் என்று ஆங்கிலர் வழங்கும் கனிமம் பாறையினின்று நெடுங்காலம் சிதைந்து இம்மண்ணைத் தருவதால், அதனைக் களிக்கல் என்றே அழைப்போம். பெயரிலேயே பிறப்பு விளங்கும்.

வெப்பத்தின் அளவே கலத்தின் இனத்தை வகுக்கிறது. 100 பாகை செல்சியசில் ஈரம் நீங்கும். 500 முதல் 600 பாகைக்குள் மண்ணின் கட்டமைப்பில் பிணைந்திருந்த நீரும் அகலும். அதன்பின் அது மீண்டும் களியாவதில்லை. 900 பாகையளவில் துகள்கள் ஒன்றையொன்று பற்றினும் நுண்துளைகள் அடைபடா, இது சுடுமட்கலம். 1,200 பாகையைக் கடக்கும்போது, அதற்கேற்ற களியில் உள்ள களிக்கல் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை நிரப்பும், இது கன்மட்கலம். திருவண்ணாமலைத் தெருக்களில் கார்த்திகைக்குக் குவியும் அகல்கள் முன்னதன் இனம்.

பின்னதைக் காண, கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்று புதுச்சேரியை அடைதல் வேண்டும். வனைதல், பூச்சிடல், சுடுதல் அனைத்தையும் தன் பட்டறையிலேயே முடிக்கும் தனிப்பட்டறைக் குயவர் மரபை, 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்சு ஊரில் சப்பானியர் சோசி அமாதாவோடு சூளை அமைத்து ஆங்கிலேயர் பெர்னார்டு லீச் வேரூன்றச் செய்தார். அத்தகைய பட்டறையொன்றை, சப்பானில் தொழில் பயின்ற தெபோரா சிமித்தும் அவர்தம் துணைவர் ரே மீக்கரும் 1971இல் புதுச்சேரியில் நிறுவினர். கோல்டன் பிரிட்சு என்னும் அப்பட்டறையை நான் பொற்பாலம் என்றே எழுதுவேன். இருவரும் அமெரிக்கர்; ஆயினும் அவர்களிடம் பயின்றோர் இந்தியாவெங்கும் சூளை வைத்துள்ளனர்.

மீக்கரின் துணிவு கலத்தோடு நிற்கவில்லை. பச்சைச் செங்கல்லால் வீட்டை எழுப்பி, உள்ளே சுடவேண்டிய செங்கல்லையும் பிற மண்பொருள்களையும் அடுக்கி, அவ்வீட்டையே சூளையாக்கி நாட்கணக்கில் எரித்தார். சுவரும் கூரையும் மழைக்குக் கரையாச் சுடுமண்ணாயின. உள்ளே வெந்த பொருள்களின் விலை விறகுச் செலவைத் தாங்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு எளிது, வீடளவான தீயைச் சீராக ஆளுதல் எளிதன்று. ஆதலால் அம்முறை பெருகவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை.

இனி, சுடுமட்கலத்தின் அடைபடாத் துளையின் இயல்பை அறிய ஆய்வுக்கூடம் வேண்டா. புதிய அகலை நம் வீட்டுப் பெண்கள் முதலில் நீரில் ஊறவைக்கின்றனர். துளைகளை நீர் நிரப்பிவிட்டால், அகல் எண்ணெயை மிகுதியாகக் குடிப்பதில்லை.