அஞ்சு ரூபாய் சிவந்து போனா லட்சம் கிடைக்குமா?

என் நண்பனோட அம்மா மரக்காணம் உப்பளத்துல வேலை பார்க்கிறாங்க. ஒருநாள் அவங்க கையில ஒரு விசித்திரமான அஞ்சு ரூபாய் காசு சிக்கியது. மஞ்சளா இருக்க வேண்டியது, ஒரு பக்கம் செம்பு மாதிரி சிவந்திருந்தது. "இப்படிக் காசு இருந்தா நீங்க லட்சாதிபதி"ன்னு ஒரு வீடியோ. அதில் இருந்த நம்பருக்குப் போட்டோ அனுப்பினா, "மூணு லட்சம் தர்றோம், முதல்ல ரெண்டாயிரம் ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டுங்க"ன்னு பதில். நல்லவேளை, கட்டுறதுக்கு முன்னாடி பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்க.

அந்தச் சிவப்புக்குக் காரணம் ரொம்ப எளிது. 2011-ல வந்த மஞ்சள் அஞ்சு ரூபாய் நிக்கல் பித்தளை: 75% செம்பு, 20% துத்தநாகம், 5% நிக்கல். உப்புத் தண்ணியில நாள்பட ஊறினா துத்தநாகம் முதல்ல கரைஞ்சு வெளியேறும். மிஞ்சுற செம்புதான் சிவப்பாத் தெரியுது. நாம பாடத்துல படிச்ச அதே டீஜிங்கிஃபிகேஷன். அச்சுப் பிழை இல்ல, அரிப்பு.

அப்போ உண்மையான பிழையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? காசு எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சா போதும். உலோகத் தகட்டுல இருந்து வட்ட வில்லைகளை வெட்டுவாங்க. ஓரத்தை அழுத்தி விளிம்பு எழுப்புவாங்க. பிறகு சுத்தி ஒரு வளையம் பிடிச்சிருக்க, மேலும் கீழும் ரெண்டு டை அழுத்தும். இந்தப் படிகளுக்குள்ள நடந்தது மட்டும்தான் பிழை. ஆலையை விட்டு வந்த பிறகு நடந்தது எல்லாம் சேதம்.

முதல் சோதனை: கோடு மேடா, பள்ளமா? டையில விரிசல் விழுந்தா, உலோகம் அந்த விரிசலுக்குள்ள ஏறும். அதனால காசுல மேடான கோடு வரும். பள்ளமான கோடுன்னா பெரும்பாலும் யாரோ கீறினதுதான்.

ரெண்டாவது, ஓரம் குறைஞ்ச காசு. ஏற்கனவே வெட்டின ஓட்டையோட அடுத்த வெட்டு உரசினா, பிறை வடிவத்துல ஒரு துண்டு குறையும். அப்படிப்பட்ட வில்லையில, குறைஞ்ச இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் விளிம்பு பெரும்பாலும் மங்கலா இருக்கும், ஏன்னா விளிம்பு எழுப்பும்போது அங்கே அழுத்தம் சரியா கிடைக்காது. எதிர்ப்பக்கம் விளிம்பு கச்சிதமா இருந்து, வெட்டின இடத்துல அரத்தோட தடம் தெரிஞ்சா சந்தேகப்படுங்க.

மூணாவது, நகர்ந்த அச்சு. நிஜமான பிழையில ஒரு பக்கம் வெறுமையா இருக்கும், ஆனா விழுந்த எழுத்துக்கள் கூர்மையா இருக்கும், எடையும் குறையாது. சுத்தியலால அடிச்ச காசுலயோ எழுத்துக்களே நசுங்கிப் பரவியிருக்கும்.

பத்து ரூபாய்ல நடுவட்டம் திரும்பி இருக்கா? வளையமும் நடுவட்டமும் அச்சாகும்போதே ஒண்ணா இறுகுது. அதனால ரெண்டு உலோகத்தையும் தாண்டிப் போற உருவம் அறுபடாம ஓடணும். உருவம் நடுவுல உடைஞ்சு, விளிம்புல அடிச்ச தடம் இருந்தா, யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. ரெண்டு பக்கமும் தலையா இருந்தா, விளிம்பின் உள்பக்கம் ஒட்டின கோடு இருக்கான்னு லென்ஸ்ல தேடுங்க. அது மேஜிக் காசு.

லேப்ல தராசும் வெர்னியரும் இருக்குல்ல? 2011 வகை அஞ்சு ரூபாய் 6 கிராம், 23 மில்லிமீட்டர். பத்து ரூபாய் 7.71 கிராம், 27 மில்லிமீட்டர். எடை குறைஞ்சா, அமிலமோ அரமோ வேலை பார்த்திருக்கலாம்.

இன்னொரு ஏமாத்து: "வருஷத்துக்குக் கீழ குறி இல்லாத காசு அபூர்வம்"னு சொல்வாங்க. கொல்கத்தா ஆலைக்குக் குறியே கிடையாது. மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. டிசைன் மாறினாலும் பிழை இல்ல. பத்து ரூபாய்ல அதுவரைக்கும் வந்திருந்த 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிடுச்சு.

நிஜப் பிழை கிடைச்சா சந்தோஷம். தேய்க்காதீங்க, புளி போட்டு விளக்காதீங்க. நாணயம் சேகரிக்கிறவங்ககிட்ட நேர்ல காட்டுங்க. ஆனா ஒண்ணு: வாங்குறவன்தான் காசு தரணும், விக்கிற நாம எதுக்குக் கட்டணும்? ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லிக் கமிஷன் கேட்கிறவங்களைப் பத்தி அந்த வங்கியே 2021 ஆகஸ்ட்ல எச்சரிச்சது. யாராவது ஏமாந்துட்டா, உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. இதை வீட்டுலயும் சொல்லி வைங்க, அந்த வீடியோ நமக்கு முன்னாடி அவங்களுக்குத்தான் போய்ச் சேருது.

அந்தச் சிவந்த காசு இப்போ அவங்க வீட்டு உண்டியல்ல இருக்கு. ரெண்டாயிரம் ரூபாயும் அவங்ககிட்டயே இருக்கு.