முள்ளில் கட்டும் பூச்சி

எங்கோ ஒரு குளிர்தேசத்து ஓடையில் ஒருவர் ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் வீசுகிறார். அவருடைய தங்கூசியின் நுனியில் உள்ள சின்னஞ்சிறு ஈ, இலங்கைக் கைகள் கட்டியதாக இருக்கலாம். தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி செய்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகள் இந்தத் தீவில் உண்டு. ஆனால் கண்டிப் பக்கம் மகாவலிக் கரையில் தூண்டிலோடு நிற்கும் பையனிடம் இரை என்னவென்று கேட்டால், மண்புழுவையோ பாண் உருண்டையையோதான் காட்டுவான். உலகத்துக்குக் கட்டிக் கொடுக்கும் ஒரு கைவேலையை நம் ஆற்றுக்காகவும் கற்றுக்கொள்ளலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

புழுவுக்கு வாசனையும் சுவையும் உண்டு. மீன் அதை விழுங்கும். செயற்கை ஈயில் அப்படி எதுவும் இல்லை. உருவமும் அசைவும் நிறமும் மட்டுமே மீனை ஏமாற்ற வேண்டும். வாயில் எடுத்து இது தீனியல்ல என்று உணர்ந்த மறுகணமே மீன் துப்பிவிடும். அந்த இடைவெளிக்குள் முள் கொளுவ வேண்டும். ஈக்குச் சொல்லத்தக்க எடையும் கிடையாது. அதனால் இந்த முறையில் கனமான நூலை வீச, அதன் பின்னால் ஈ பறந்து போய் விழுகிறது.

கலை மிகப் பழையது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மசிடோனியாவில் மீன் பிடிப்பவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்கு அடியில் வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டியதை விவரித்திருக்கிறார். இன்று கண்டியில் ஒருவர் முதல் ஈயைக் கட்ட உட்கார்ந்தாலும் அதே இரண்டு பொருள்களே போதும்.

இந்தக் கலையை இலங்கைக்குக் கொண்டுவந்தது ட்ரவுட்தான். 1880களில் ஆங்கிலேயர்கள் நுவரெலியா ஓடைகளில் அந்த மீனை விட்டார்கள். 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் அங்கே உருவானது. தமிழ்நாட்டின் நீலகிரியிலும் அதே கதைதான். அவலாஞ்சியில் 1907இல் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. சுமார் 20 பாகை செல்சியஸுக்குக் கீழே உள்ள, ஓடிக்கொண்டேயிருக்கும் நீர்தான் ட்ரவுட்டுக்கு ஒத்துவரும். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் கண்டியின் வெதுவெதுப்பான தண்ணீரில் அது தங்காது.

அதனால் கண்டிக்காரர் வெளிநாட்டுப் புத்தகத்தைத் திறந்து ட்ரவுட் ஈக்களை அப்படியே கட்ட வேண்டியதில்லை. இங்கே இருப்பவை வேறு மீன்கள். நீர்த்தேக்கங்களில் 1950களில் இலங்கைக்கு வந்த திலாப்பியா இருக்கிறது. ஓடும் ஆற்றில் கெண்டை இனங்களும், அபூர்வமாகக் கிடைக்கும் மஹசீரும் உண்டு. புல் மண்டிய ஓரங்களில் விரால் பதுங்கும். இவை பெரும்பாலும் ஒரே பூச்சியை மட்டும் தேடி நிற்பவை அல்ல. தண்ணீருக்குள் நகரும் சிறிய, உயிருள்ளதுபோன்ற எதையும் சோதித்துப் பார்க்கும். புதிதாகக் கட்டுபவரின் கோணல்மாணலான ஈக்கும் இங்கே வாய்ப்பு உண்டு.

வேண்டிய சாமான்கள் சில. நடுத்தர அளவான 8 அல்லது 10ஆம் இலக்க முள். இலக்கம் கூடக் கூட முள் சிறுக்கும். மெல்லிய பொலியெஸ்டர் நூல், கொஞ்சம் கம்பளி நூல், நாட்டுச் சேவலின் கழுத்திறகு, கூரான சிறு கத்தரிக்கோல், ஒரு சிறு கிளிப், ஒரு போத்தல் கியூடெக்ஸ். முள்ளைப் பிடித்து நிறுத்தும் சிறிய வைஸ் இருந்தால் நல்லது. கைப்பிடியில் இறுக்கமான ரப்பர் வளையம் மாட்டிய குறடும் தொடக்கத்துக்குப் போதும். கட்ட ஆரம்பிக்கும் முன் முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். விரலில் குத்தினாலும் எளிதாகக் கழற்றலாம், மீனையும் காயமின்றி விடலாம்.

முள்ளின் தண்டு கிடையாக இருக்கும்படி பொருத்தியதும், கட்டு நூலை, முள்ளில் தங்கூசி கோர்க்கும் துளையான கண்ணுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, அதன் வால் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும். பிறகு நெருக்கமாக வளைவு வரை சுற்றிப் போக வேண்டும். இந்த நூற்படுக்கை இல்லாவிட்டால் மேலே கட்டும் எல்லாமே வழுக்கும். அடுத்து கம்பளி நூலைக் கட்டும்போதுதான் முதல் நுட்பம் வருகிறது. இடது கைப் பெருவிரலாலும் சுட்டு விரலாலும் கம்பளியைத் தண்டின் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டு நூலை அந்த விரல்களுக்கு நடுவே தளர்வாக மேலேற்றி, மறுபக்கம் இறக்கி, நேர் கீழே இழுக்க வேண்டும். விரல்கள் பிடித்திருப்பதால் கம்பளி தண்டின் மறுபுறம் உருளாமல் மேலேயே நிற்கும். இந்த ஒரு பிடி கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்ததுபோல்.

பிறகு கட்டு நூலை முன்னே கொண்டுவந்து, கம்பளியைச் சுற்றி உடலை உருட்டி முன்பக்கம் கட்டி வெட்டிவிடலாம். இறகின் அடியில் உள்ள பஞ்சைக் களைந்து, காம்பை உடலின் முன்னே கட்டி, நுனியைக் கிளிப்பால் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றினால் இழைகள் நாற்புறமும் விரியும். அந்த இழைகளின் நீளம் முள்ளின் வாய் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் அளவு சரி. இறகை இறுக்கி, தலையில் மூன்று அரைமுடிச்சுப் போட்டு, நூலை வெட்டி, ஒரு துளி கியூடெக்ஸ் தொட்டு வைத்தால் ஈ தயார். கண்ணுக்குள் கியூடெக்ஸ் அடைத்தால், காயும் முன்பே ஊசியால் குத்தித் திறந்துவிட வேண்டும்.

புதியவர்கள் தவறாமல் தடுமாறும் இடம் தலைதான். உடலை முன்னே நீட்டிவிட்டு இறகுக்கும் முடிச்சுக்கும் இடமில்லாமல் கண்ணை மூடிவிடுகிறார்கள். கண்ணுக்குப் பின்னால் சிறு இடைவெளியை முதலிலேயே ஒதுக்கிவைத்தால் இது நேராது. இரண்டாவது தவறு நூலின் இறுக்கம். தளர்ந்தால் ஈ குலையும், அதிகமானால் நூல் அறும். எங்கே அறுகிறது என்பதை அறிய ஒருமுறை வேண்டுமென்றே அறுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

குறைந்த பொருளில் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஃபிராங்க் சாயர் நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைப் பராமரித்த அவர், பெசன்ட் கோழியின் வால் இறகு, மெல்லிய செம்புக் கம்பி என்ற இரண்டை மட்டும் வைத்து ஓர் ஈயை உருவாக்கினார். கம்பியே நூல், கம்பியே எடை. இன்றும் உலகெங்கும் அது கட்டப்படுகிறது.

மறுகோடியில் நிற்பவை சமன் (சால்மன்) மீனுக்கான விக்டோரியா காலத்து ஈக்கள். அபூர்வப் பறவைகளின் இறகு கேட்கும் அந்த ஈக்களின் மோகத்தில், 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. இறகுக்காக ஒரு காட்டுப் பறவையும் சாகக் கூடாது. வீட்டுச் சேவலும் வாத்தும் கொடுப்பதே ஒரு வாழ்நாளுக்குப் போதும்.

கட்டியதை எங்கே போடுவது? கண்டி வாவியில் மீன்பிடிக்கத் தடை உண்டு. சரணாலயங்களையும் தேசியப் பூங்காக்களையும் தவிர்த்து, மற்ற நீர்நிலைகளில் அனுமதி பற்றி அங்கேயே கேட்டறிந்த பின்பே இறங்க வேண்டும். மஹசீர் அகப்பட்டால் தண்ணீரை விட்டு உயர்த்தாமலே முள்ளைக் கழற்றி விடுவது முறை.

முதல் மாதிரியையே பத்துத் தடவை கட்டி வரிசையாக வைத்தால் எங்கே கை தேறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அதன் பிறகு இரண்டாவது மாதிரிக்குப் போகலாம். மழை விட்ட மாலைகளில் ஈசல் கிளம்பி ஆற்றில் விழ, மீன்கள் மேலே வந்து கொத்தும் நாட்டில் அந்த மாதிரி ஈசலாகவே இருக்கட்டும். தேய்ந்த ரப்பர் செருப்பின் அடியிலிருந்து மெல்லிய கீற்று ஒன்றை வெட்டி உடலாகக் கட்டி, இரண்டு இறகு நுனிகளைச் சிறகாக வைத்தால் அது மிதக்கும்.