பல்கலைக்கழக அனுமதியில் நியாயம்: உள்நாட்டு மாணவரும் வெளிநாட்டு மாணவரும்



குடியியற் கல்வியில் சமத்துவம், நியாயம் ஆகிய சொற்களை நீங்கள் பல தடவை படித்திருப்பீர்கள். அவற்றின் வரைவிலக்கணத்தை மனனம் செய்து எழுதுவோர் பலர். ஒரு நடைமுறைப் பிரச்சினையில் பொருத்தி விளக்குவோர் சிலரே. அதிக புள்ளி பெறுபவர்களும் அவர்களே. இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் பிரச்சினை இன்னும் சில ஆண்டுகளில் உங்கள் வீட்டு வாசலுக்கும் வரப்போவது. ஆகவே நிதானமாக வாசியுங்கள்.

1. பிரச்சினை எங்கே தொடங்குகிறது?

இலங்கையில் 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. அரச பல்கலைக்கழகங்கள் மக்களின் வரிப்பணத்தில் நடைபெறுகின்றன. வரி என்றவுடன் பெரிய முதலாளிகளை மட்டும் நினைக்க வேண்டாம். கடையில் ஒரு பொருள் வாங்கும்போது உங்கள் பெற்றோரும் வரி செலுத்துகின்றனர்.

ஆனால் இடங்கள் குறைவு. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. எனவே ஓர் இடம் ஒருவருக்குக் கிடைக்கும்போது வேறொருவர் அதனை இழக்கிறார். இந்த நிலையில் வெளிநாட்டு மாணவருக்கும் இடம் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுகிறது.

2. உள்நாட்டு மாணவரிடையே இடங்கள் பகிரப்படும் முறை

முதலில் எமது நாட்டு முறையை விளங்கிக்கொள்வோம். மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளுக்கு இடங்கள் பின்வருமாறு பகிரப்படுகின்றன.

(அ) 40 சதவீதம் – அகில இலங்கைத் திறமை அடிப்படை.
(ஆ) 55 சதவீதம் – மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படை.
(இ) 5 சதவீதம் – கல்வி வசதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக.

முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்பு, நுவரெலியா, மொனராகலை ஆகியன அந்த 16 மாவட்டங்களுள் அடங்கும். ஆய்வுகூடமும் இரசாயனவியல் ஆசிரியரும் இல்லாத பாடசாலையில் கற்ற மாணவியையும், எல்லா வசதியும் உள்ள நகரப் பாடசாலை மாணவனையும் ஒரே வெட்டுப்புள்ளியால் அளப்பது சரியாகாது என்பதே இதன் அடிப்படை.

இதனைத் தரப்படுத்தலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1970களின் தொடக்கத்தில், தமிழ் மொழிமூல மாணவர் மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குத் தெரிவாக, சிங்கள மொழிமூல மாணவரைவிடக் கூடிய புள்ளி பெற வேண்டியிருந்தது. அங்கே வேறுபாட்டுக்கு அடிப்படை மொழி. மாவட்ட முறையில் அடிப்படை கல்வி வசதி. மாணவரை வேறுபடுத்தும் விதி ஒன்றைக் கண்டால், "எந்தக் காரணத்துக்காக வேறுபடுத்துகிறது?" என்று முதலில் கேளுங்கள்.

மாவட்ட முறையிலும் உள்ளூர், வெளியூர் என்ற சிக்கல் உண்டு. நகரத்தில் கற்ற ஒருவர் பரீட்சைக்கு மட்டும் பின்தங்கிய மாவட்டம் ஒன்றுக்குச் சென்று தோற்றினால், அந்த மாவட்ட மாணவரின் இடத்தை அவர் எடுத்துக்கொள்வார். இதனைத் தடுக்கவே பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் மாணவர் எங்கே கற்றார் என்பது பார்க்கப்படுகிறது.

3. வெளிநாட்டு மாணவர்: பங்கு இடமா, மேலதிக இடமா?

எமது அரச பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவரும் கட்டணம் செலுத்திக் கற்கின்றனர். இதனால் பல்கலைக்கழகத்துக்கு வருமானம் கிடைக்கிறது. பிற நாட்டவரோடு பழகிக் கற்கும் வாய்ப்பு எமது மாணவருக்கும் கிடைக்கிறது. இது நியாயமா என்பதை அறிய ஒரு கேள்வி போதும்: அவருக்குக் கொடுக்கப்படுவது உள்நாட்டு மாணவரின் பங்கில் இருந்து எடுத்த இடமா, புதிதாகச் சேர்த்த மேலதிக இடமா?

இந்தியாவை உதாரணமாகக் கொள்வோம். அங்குள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2022இல் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. அதன்படி, அங்கீகரிக்கப்பட்ட இடங்களுக்கு மேலதிகமாக 25 சதவீதம் வரை வெளிநாட்டு மாணவருக்கென உருவாக்கலாம். ஒரு பாடநெறியில் 100 இடங்கள் இருந்தால் அந்த 100உம் குறையாது. அதற்கு மேல் 25 வரை சேர்க்கலாம்.

கேட்பதற்கு இது நன்றாகவே இருக்கிறது. ஆயினும் இன்னொரு படி யோசியுங்கள். 100 பேருக்கென அமைத்த ஆய்வுகூடத்தில் 125 பேர் நின்றால் என்னவாகும்? விடுதி அறைகளும் விரிவுரையாளர் தொகையும் கூடாவிட்டால், அந்த இடங்கள் தாளில் மட்டுமே மேலதிகம். உண்மையில் உள்நாட்டு மாணவரின் வசதியில் ஒரு பகுதி பறிபோகிறது. வெளிநாட்டு மாணவர் செலுத்தும் பணம் கட்டடமாக, கருவியாக, ஆசிரியராக எல்லோருக்கும் திரும்பி வந்தால் மாத்திரமே அந்த ஏற்பாடு நியாயமாகும்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கு உள்நாட்டு இளநிலை மாணவரின் கட்டணத்துக்கு அரசு உச்ச வரம்பு விதித்துள்ளது. 2025/26 கல்வியாண்டில் அது 9,535 பவுண். வெளிநாட்டு மாணவருக்கு இவ்வரம்பு இல்லை. அவர்களிடம் பல்கலைக்கழகங்கள் கூடிய கட்டணம் அறவிடுகின்றன. பெற்றோர் அந்நாட்டில் வரி செலுத்தாதபடியால் இதனை ஏற்கலாம். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் அந்தப் பணத்திலேயே தங்கி வாழத் தொடங்கினால், தகுதியைவிடப் பணத்தைப் பார்க்கும் ஆபத்து உண்டு.

4. மறுபக்கத்தையும் பாருங்கள்

இந்திய அரசின் புலமைப்பரிசில் பெற்று எமது மாணவர் அங்கே கற்கச் செல்கின்றனர். வேறு பலர் சொந்தச் செலவில் பல நாடுகளுக்குச் செல்கின்றனர். அங்கே வெளிநாட்டு மாணவர் நாமே. அங்கு எம்மை எவ்வாறு நடத்த வேண்டும் என விரும்புகிறோமோ, அவ்வாறே இங்கு வருபவரையும் நடத்த வேண்டும். விதி பிழையானால் விதியைக் கேள்வி கேளுங்கள். அந்த விதியின்படி வந்து வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவரைப் பகைக்க வேண்டாம்.

5. நினைவிற் கொள்ள வேண்டியவை

(அ) எல்லோருக்கும் ஒரே விதி என்பது எப்போதும் நியாயமாகாது. வேறுபாடு காட்டும் விதி எப்போதும் அநியாயமும் ஆகாது.
(ஆ) வெளிநாட்டு மாணவருக்குரிய இடம் உண்மையாகவே மேலதிக இடமாக இருக்க வேண்டும்.
(இ) கட்டணம் கூடலாம். ஆனால் அடிப்படைத் தகுதியைப் பணத்துக்காகக் குறைக்கக்கூடாது.
(ஈ) இடங்களின் தொகையும் தெரிவு முறையும் முன்கூட்டியே பகிரங்கமாக அறிவிக்கப்பட வேண்டும்.

மாதிரி வினா

"அரச பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவரை அனுமதிப்பது உள்நாட்டு மாணவருக்கு இழைக்கப்படும் அநீதியாகும்." இக்கூற்றை ஆராய்க.

விடை எழுதும் முறை: "ஆம்" அல்லது "இல்லை" என்று தொடங்கிவிட வேண்டாம். இடங்கள் குறைவு, வரிப்பணத்தில் நடைபெறுகின்றன என்ற இரண்டையும் முதலில் கூறுங்கள். அடுத்து, எந்த நிலையில் அநீதி, எந்த நிலையில் அநீதி அல்ல என்பதை ஒவ்வோர் உதாரணத்துடன் காட்டுங்கள். இறுதியில் உங்கள் முடிவையும் அதற்கான காரணத்தையும் இரண்டு வசனங்களில் எழுதுங்கள். பரீட்சகர் எதிர்பார்ப்பது நீங்கள் எந்தப் பக்கம் என்பதையல்ல, அந்த முடிவுக்கு எவ்வாறு வந்தீர்கள் என்பதையே.