மார்பகப் புற்றுநோய் தாய்ப்பாலில் தொற்றுமா?

மார்பில் கட்டி வந்த பெண்ணின் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர் மகள் குழந்தை பெற்றால், "உங்கம்மாவுக்கு வந்தது பால் வழியாகப் பிள்ளைக்கும் போயிரும்" என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. இந்தப் பயம் எலியைப் பொறுத்தவரை உண்மை.

1936-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் பிட்னர், மார்பகப் புற்றுநோய் அதிகம் வரும் இனத்து எலிக்குட்டிகளைப் பிறந்ததும் பிரித்து, அந்நோய் அரிதான இனத்துத் தாய் எலிகளிடம் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளுக்கு நோய் வெகுவாகக் குறைந்தது. பாலில் இருந்தது ஒரு வைரஸ் என்று பின்னால் தெரிந்தது.

அது செய்யும் வேலையை 1982-இல் ரோல் நூசே, ஹெரால்டு வார்மஸ் இருவரும் கண்டுபிடித்தார்கள். அந்த வைரஸ் புற்றுநோய் ஜீன் எதையும் கொண்டு வருவதில்லை. நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: வெடி எலியினுடையது, பொறி மட்டும்தான் வைரஸுடையது. எலி கருவில் இருக்கும்போது நரம்பு மண்டலம் உருவாக உதவிவிட்டு, மார்பகத்தில் உறங்கியே கிடக்க வேண்டிய ஜீன் ஒன்று உண்டு. வைரஸ் அதன் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டால் ஜீன் விழித்துவிடும். செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கும்.

மனிதருக்கு? 1971-இல் பம்பாயின் பார்சிப் பெண்களின் தாய்ப்பாலில் அதே மாதிரித் துகள்கள் தெரிந்ததாக 'நேச்சர்' இதழில் செய்தி வந்தது. தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் சமூகம், மார்பகப் புற்றுநோயும் அவர்களிடம் அதிகம். அதனால் பெரிய எதிர்பார்ப்பு. ஐம்பது ஆண்டு கடந்தும், எலி வைரஸ் மனிதருக்கு இந்நோயைத் தருகிறது என்று நிரூபணமாகவில்லை. (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வைரஸ்தான் காரணம், அதற்குத் தடுப்பூசி உண்டு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.) மனிதரிடம் 'ஹெர்-2' போன்ற ஜீன் எந்த வைரஸும் இல்லாமலே மிதமிஞ்சி வேலை செய்கிறது, அதை அடக்க மருந்தும் இருக்கிறது. குடும்பத்தில் தொடர்வது பழுதான ஜீன். அது அத்தா வழியிலும் வரும், இதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

ஆகவே தட்டைப் பிரிக்க வேண்டாம், பாலையும் நிறுத்த வேண்டாம். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் பார்த்தபோது, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் தாய்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைந்திருந்தது. கீமோ மருந்து ஏறும் காலத்தில் கொடுக்கக் கூடாது. மருந்து பாலில் இறங்கும்.

கட்டி வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள், பெரும்பாலும் வலிக்காது. கூச்சமாக இருந்தால் பெண் டாக்டர் வேண்டும் என்று விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள், புற்றுநோய் சிகிச்சை அதில் அடங்கும்.