பழைய ஹைபிரிட் காரை வீட்டிலேயே பேணுவது எப்படி?



உங்கள் வீட்டு முற்றத்தில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ஹைபிரிட் கார் ஒன்று நிற்கிறதா? அப்படியாயின் இக்கட்டுரை உங்களுக்கானதே.

1997 டிசம்பரில் டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் பிரியஸ் காரை விற்பனைக்கு விட்டது. 2011இல் அக்குவாவும் 2013இல் ஹொண்டா வெசலும் வந்தன. பின்னர் இவை இலங்கைக்குப் பெருந்தொகையாக இறக்குமதியாயின. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்ததைப் பேணியே நாம் ஓட வேண்டியிருந்தது. அவற்றுட் பல இன்று பத்து வயதைக் கடந்துவிட்டன.

எங்கள் வீட்டிலும் அத்தகைய பிரியஸ் ஒன்று உண்டு. ஒரு பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மறுநாள் ஒரு கராஜில் காட்டினோம். "பெரிய பெட்டரி முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்று சில இலட்சம் ரூபாய்க் கணக்கைக் கூறினார்கள். மனம் இடிந்து வீடு திரும்பினேன். எங்கள் ஊரில் வாகன மின்வேலை செய்யும் மூத்தவர் ஒருவரிடமும் காட்டிவிடலாம் என்று மனைவி வற்புறுத்தினார். அவர் கருவியை மாட்டிச் சோதித்தார். பின்னிருக்கையோரப் பலகைகளைக் கழற்றி, ஒரு சிறு விசிறியை வெளியே எடுத்தார். அதன் இதழ்களில் பஞ்சும் தூசியும் கம்பளம்போல் படிந்திருந்தன.

"தம்பி, பெட்டரியில் குறையில்லை, அதற்கு மூச்சு முட்டியிருக்கிறது" என்றார் அந்தக் காக்கா.

அன்று கற்ற பாடத்தையே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் பாதுகாப்பு

ஹைபிரிட் கார் ஓசையின்றி நின்றால் அணைந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். 'ரெடி' விளக்கு எரியுமானால் எந்நேரமும் எஞ்சின் தானாகவே இயங்கக்கூடும். ஆகவே கியரை 'பி' நிலையில் வைத்து, கைப்பிரேக்கோ கால்பிரேக்கோ உங்கள் வாகனத்துக்குரிய நிறுத்தப் பிரேக்கை இட்டு, மின்விசையை அணைத்து, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் புகாதீர்கள். உறுதியான தாங்கிகளைக் கொடுங்கள்.

செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகளே உயர் மின்னழுத்தக் கம்பிகள். மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பெரிய பெட்டரியில் 28 அலகுகள் உள்ளன, ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். உயிரைப் பறிக்க அது போதுமானது. கீழே சொல்லும் எந்த வேலைக்கும் அக்கம்பிகளைத் தொடவேண்டிய தேவையில்லை.

பெட்டரியின் சுவாசம்

இப்பெட்டரிகள் குளிர்வது பயணிகள் இருக்கும் பகுதியின் காற்றினால்தான். காற்றுப் புகும் வாய், பிரியஸில் பின்னிருக்கையின் பக்கவாட்டிலும், அக்குவாவில் பின்னிருக்கைக்குக் கீழும் இருக்கும். பள்ளிப் பைகள், தலையணை, துணிமூட்டை ஆகியவற்றை அவ்விடத்தில் வைத்து அதனை அடைக்காதீர்கள். அதிக வெப்பம் பெட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

மாதம் ஒருமுறை தூசி உறிஞ்சியால் அவ்வாயைச் சுத்தம் செய்யுங்கள். சில வண்டிகளில் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டியும் உண்டு. நன்றாக உலர்ந்த பின்னரே மீண்டும் பூட்ட வேண்டும். உள்ளே நீர் விடுவதோ, காற்றை ஊதி அடிப்பதோ கூடாது. ஊதினால் தூசி பெட்டரிக்குள்ளேயே சென்றுவிடும். விசிறியைக் கழற்றுவது தேர்ந்தவரின் வேலை.

சிறிய பெட்டரியை மறவாதீர்

பெரிய பெட்டரி எவ்வளவு நன்றாயிருந்தாலும் 12 வோல்ட் சிறிய பெட்டரி சோர்ந்தால் வண்டி எழும்பாது. ஓய்விலிருக்கும்போது மின்மானியால் அளந்து பாருங்கள்: 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நலம். 12க்குக் கீழிறங்கினால் சோதிக்க வேண்டும். வண்டிக்குள்ளேயே இருப்பதால், மாற்றும்போது வாயுவை வெளியேற்றும் குழாய் பொருத்தக்கூடிய அதே வகையையே வாங்குங்கள். கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றிப் பூட்டினால் விலையுயர்ந்த மின்கருவிகள் எரிந்துபோகலாம். பிரியஸின் பின்கதவு மின்சாரத்தால் திறப்பது. பெட்டரியைக் கழற்றிவிட்டு அக்கதவைச் சாத்திவிடாதீர்கள்!

ஒயில், நீர், காற்று

முன்னாளில் டியூன்-அப் என்றால் கார்புரேட்டரையும் பொயிண்டையும் சரிசெய்வதாகும். இவ்வண்டிகளில் அவையில்லை. இரிடியம் ஸ்பார்க் பிளக்குகளும் ஏறத்தாழ ஓர் இலட்சம் கிலோமீட்டரோ அதற்கு மேலோ உழைக்கும். எஞ்சியிருப்பவை எளிய வேலைகளே.

எஞ்சின் ஒயிலைக் கையேடு சொல்லும் காலத்தில் மாற்றுங்கள். 1.8 லீட்டர் பிரியஸுக்கு 0டபிள்யூ-20 வகை ஒயில், பில்டரோடு சேர்த்து 4.2 லீட்டர். அளவுக்கு மிஞ்சி ஊற்றுவதும் கேடே. பழைய ஒயிலைக் கானில் கொட்டாமல் சேர்த்து கராஜில் ஒப்படையுங்கள்.

குளிர்விக்கும் நீர்மத்துக்கு இரண்டு தொட்டிகள் உண்டு: ஒன்று எஞ்சினுக்கு, மற்றது இன்வேர்ட்டருக்கு. வண்டி ஆறியபின் இரண்டிலும் மட்டம் பாருங்கள். உரிய நீர்மத்தையே சேருங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். காற்று வடிகட்டியை எடுத்துத் தட்டிப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். டயர்க் காற்றின் அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும்.

கை வைக்கக் கூடாதவை

வேகம் குறைக்கும் பணியில் மின்மோட்டாரும் பங்கேற்பதால் பிரேக் பட்டைகள் நெடுநாள் தேயா. அதனாலேயே கடலோர ஊர்களில் அவற்றின் பாகங்கள் துருவேறி இறுகிவிடுவதுண்டு. ஆண்டுக்கொருமுறை கழற்றிச் சுத்தம் செய்விக்க வேண்டும். ஆனால் மின்னணு முறையில் இயங்கும் இப்பிரேக்கில் வீட்டில் கை வைக்காதீர்கள். இன்வேர்ட்டர், பெரிய பெட்டரி ஆகியவையும் அவ்வாறே.

இறுதியாக ஒன்று: ஒரு கொப்பி வாங்கி வண்டிக்குள் வையுங்கள். செய்த வேலை, திகதி, ஓடிய தூரம் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். எங்கள் வீட்டில் அக்கொப்பி மகளின் பொறுப்பு. காற்றுவாயைத் துடைக்கும் நாள் வந்தால் அவளே நினைவூட்டுகிறாள். இன்றும் அதே பெட்டரிதான் எங்களைச் சுமக்கிறது. பெரிய செலவென்று யாரேனும் சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். காற்றுவாயைப் பார்த்து, இன்னொருவரிடமும் காட்டி, அதன் பின் முடிவு செய்யுங்கள்.