மண்ணின்றி லெட்டூஸ்: கிணற்று நீர் உதவுமா?

சமையலறை மேசையில் லெட்டூஸ் கீரை வளர்க்கும் சிறு பெட்டிகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. கீழே சத்துக் கரைசல், மேலே விளக்கு, மண் கிடையாது. முறை புதிதன்று. 1946-இலேயே மேற்கு வங்கத்துக் காலிம்பொங்கில் ஷோல்டோ டக்ளஸ் மண்ணில்லாப் பயிர் ஆய்வைத் தொடங்கினார். கயத்தாறு உழவர்கள் பெட்டியைப் பார்க்குமுன் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

நம் கரிசல் காட்டுக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பானது. வயலில் தேங்கும் உப்பை மழை ஓரளவு கழுவிவிடும். பெட்டியில் அதற்கு வழியில்லை. செடி நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பு தங்கிச் செறிவடையும், இலையோரம் கருகும். கரைசலில் காரம் ஏறினால் இரும்புச்சத்து கிட்டாமல் தளிர் வெளுக்கும். லெட்டூசுக்குக் கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரையும், கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 0.8 முதல் 1.2 டெசிசைமன் வரையும் ஏற்றவை. கிணற்று நீரே 1.0-ஐத் தாண்டினால் சத்து சேர்க்க இடமேது?

எனவே ஐப்பசி, கார்த்திகை மழைநீரைப் பிடித்து வையுங்கள். 10 சதுர மீட்டர் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 100 லிட்டர். பெட்டி கொள்வதோ சில லிட்டரே.

யூரியாவைக் கரைத்து ஊற்ற வேண்டாம். அதை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள அளவுக்குப் பெட்டியில் இல்லை. இதற்கென விற்கும் சத்துக் கலவையே தேவை.

மார்கழி, தை மாதங்கள் உகந்தவை. சித்திரை வெப்பத்தில் கீரை பூத்துக் கசந்துவிடும். 20 வாட் விளக்கு தினமும் 14 மணி நேரம் எரிந்தால் 40 நாளில் 11 யூனிட் செலவாகும். வீட்டுத் தேவைக்குச் சரி. கடன் வாங்கி விற்பனைக்கு வளர்க்கும் பண்டமன்று.

பெட்டி வாங்குமுன் ஒரு லிட்டர் கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவை அறிந்து கொள்ளவும்.