கொழும்பில் குடியிருக்க ஒரு பதிவு

இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக்குள் அரசு பெரும்பாலும் ஒரு படிவமாகவே நுழைந்தது. எல்லோரும் சுருக்கமாகப் ‘பொலிஸ் பதிவு’ என்றே அழைத்த அந்தப் படிவத்தில் குடும்பத் தலைவரின் பெயர், வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் வயது, தொழில், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், தங்குவது நிரந்தரமாகவா தற்காலிகமாகவா என்ற விவரங்கள் நிரப்பப்பட வேண்டும். பல வேளைகளில் அது சிங்களத்தில் மட்டுமே அச்சிடப்பட்டிருந்ததால், தாம் எதற்குக் கையெழுத்து இடுகிறோம் என்று அறிவதற்கே பலர் அயலவரின் உதவியை நாட வேண்டியிருந்தது. பொலிஸ் நிலையத்தின் முத்திரை பெற்ற பிரதியைப் பத்திரமாக வைத்திருப்பதும், சுற்றிவளைப்பு நடக்கும்போது அதை எடுத்து நீட்டுவதும், யாழ்ப்பாணத்திலிருந்து உறவினர் வந்து ஓரிரவு தங்கினாலும் அவரது பெயரைச் சேர்க்க ஓடுவதும் குடும்பத்தின் வழக்கமான அலுவல்களாகவே ஆகிவிட்டன.

இதற்குச் சட்ட அடிப்படையாக அவசரகால விதிகளும், பிரித்தானியர் 1865இல் இயற்றிய பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவும் காட்டப்பட்டன. பொலிஸார் கோரினால் வீட்டில் தங்கியிருப்போரின் பட்டியலைக் குடித்தனக்காரர் கொடுக்க வேண்டும் என்பதே அப்பிரிவின் சாரம். சட்டத்தின் வாசகம் எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவானது என்றாலும், அது யாருடைய கதவைத் தட்டியது என்பதில்தான் பாகுபாடு இருந்தது. தேசிய அடையாள அட்டையும் இவ்வாறே இயங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் வழங்கப்பட்ட அட்டைகளில் சிங்களத்துடன் தமிழும் இருக்க, ஏனைய மாகாணங்களின் அட்டைகளில் சிங்களம் மட்டுமே இருந்தமையால், காலி வீதிச் சோதனைச்சாவடியில் நிற்கும் சிப்பாய் பெயரை வாசிக்கும் முன்னரே எதிரில் நிற்பவர் எந்தப் பக்கத்தவர் என்பதை ஊகிக்க முடிந்தது.

இலங்கையைச் சர்வாதிகார நாடு என்று ஒரே சொல்லில் முத்திரை குத்திவிடுவது துல்லியமாகாது. தேர்தல்கள் நடந்தன, பாராளுமன்றம் கூடியது, நீதிமன்றங்கள் திறந்திருந்தன, தமிழ்ப் பத்திரிகைகளும் அச்சாகின. ஆனால் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்ட 2005 ஆகஸ்ட் முதல் 2011 ஆகஸ்ட் வரை நாடு அவசரகாலச் சட்டத்தின் கீழேயே ஆளப்பட்டது. அதற்கும் அடியில், 1979இல் தற்காலிகமானதாக இயற்றப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் இருந்தது. ஒருவரை நீதிமன்றத் தீர்ப்பின்றிப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்து வைக்கவும், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கவும் அது இடமளித்தது. சாதாரணச் சட்டத்தில் பொலிஸ் அதிகாரியிடம் அளிக்கும் வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது என்பதை நினைத்தால், கொழும்பில் ‘நாலாம் மாடி’ என்ற இரு சொற்களே விசாரணை அறையின் பெயராக ஏன் அச்சமூட்டின என்பது விளங்கும்.

இந்த ஏற்பாடுகள் அனைத்தும் 2007 ஜூன் 7 அதிகாலையில் ஒன்றுசேர்ந்து வெளிப்பட்டன. முந்திய ஆண்டு ஆகஸ்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் செல்லும் ஏ9 வீதி முகமாலையில் மூடப்பட்ட பின்னர், அங்கிருந்து கப்பலிலோ விமானத்திலோ வந்தவர்கள் கடவுச்சீட்டுக்காகவும், வெளிநாட்டு விசாவுக்காகவும், வைத்தியத்துக்காகவும், திரும்பிப் போக ஓர் இடம் கிடைக்கும்வரையும் வாரக்கணக்கில் லொட்ஜ்களில் தங்கிக் கிடந்தனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் அத்தகைய மலிவு விடுதிகள் நிறைந்திருந்தன. அன்று பொலிஸார் விடுதி விடுதியாகச் சென்று, தங்கியிருப்பதற்குத் தக்க காரணம் இல்லாதவர்கள் எனத் தாம் கருதியோரைச் சாமான்களைக் கட்டச் சொல்லி, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். பலருக்குக் கிடைத்த அவகாசம் அரைமணி நேரம்கூட இல்லை. அரசு தந்த கணக்கின்படி அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் 376 பேர். அவர்களில் 85 பேர் பெண்கள். பொலிஸ் பதிவு செய்து, முத்திரை குத்திய பிரதியைக் கையில் வைத்திருந்தவர்களும் பஸ்ஸில் ஏற்றப்பட்டார்கள் என்பதே அந்தப் படிவத்தின் உண்மைப் பயனை எடுத்துக்காட்டியது: அது தங்குவதற்கான உரிமையை ஒருபோதும் தரவில்லை, தங்கியிருப்பவர் எந்த அறையில் இருக்கிறார் என்பதை மட்டுமே அதிகாரிக்குச் சொன்னது.

மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு ஒன்றைத் தாக்கல் செய்தது. இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, நிர்வாகத்துறையால் உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் நேரடியாக அங்கே முறையிடலாம். இன அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கும் 12ஆம் உறுப்புரையும், நாட்டுக்குள் விரும்பிய இடத்துக்குச் செல்லவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் உள்ள சுதந்திரத்தைக் கூறும் 14ஆம் உறுப்புரையும் கண்முன்னே மீறப்பட்டிருந்த நிலையில், தமிழரைக் கொழும்பிலிருந்து வெளியேற்றுவதையும் அவர்கள் நகருக்குள் வந்து தங்குவதைத் தடுப்பதையும் நிறுத்துமாறு நீதிமன்றம் அன்றே இடைக்காலத் தடை விதித்தது. அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மீண்டும் கொழும்புக்கு அழைத்துவரப்பட்டனர். பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷவோ, முன்னூறு பேரைக் கைது செய்து அடைத்து வைப்பதைக் காட்டிலும் ஊருக்கு அனுப்புவது மேல் என்ற தொனியில் அச்செயலை நியாயப்படுத்தினார். ஒரே அரசின் இந்த இரு குரல்களில் எது அதிகாரத்தின் குரல் என்பது சில மாதங்களிலேயே தெரிந்தது: நவம்பர் இறுதியில் கொழும்பிலும் நுகேகொடையிலும் குண்டுகள் வெடித்ததைத் தொடர்ந்து, டிசம்பர் தொடக்கத்தில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான தமிழர் தலைநகரிலும் சுற்றுப்புறங்களிலும் கைதாகினர், அவர்களில் நூற்றுக்கணக்கானோர் காலிக்கு அருகிலுள்ள பூசா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு செப்டெம்பர் 21 அன்று, வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்து முந்திய ஐந்து ஆண்டுகளில் மேல் மாகாணத்துக்கு வந்தோர் அனைவரும் மீண்டும் வரிசையில் நின்று பதிய வேண்டியிருந்தது.

இக்காலத்தில் கொழும்பில் எழுந்த மறுப்புக் குரல்களின் இயல்பு கவனிக்கத்தக்கது. அவை பெரும்பாலும் ஆட்சியைக் கவிழ்க்கக் கோரியவை அல்ல. அரசு தானே எழுதிய சட்டத்தை அரசே கடைப்பிடிக்க வேண்டும் என்று வலியுறுத்தியவை. மாஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் 1965 டிசம்பர் 5 அன்று கணிதவியலாளர் அலெக்சாண்டர் யெசெனின் வோல்பினின் முயற்சியால் கூடிய சிறு கூட்டமும் சோவியத் அரசியலமைப்பை மதிக்குமாறே கோரியது. செக்கோஸ்லோவாக்கியாவின் சாசனம் 77 இயக்கமும் தமது அரசு கையொப்பமிட்ட மனித உரிமை உடன்படிக்கைகளையே அந்த அரசின் முன் வைத்தது. கொழும்பில் அதே வழிமுறை இன்னும் கீழ்மட்டத்தில், அன்றாடக் காரியமாக நடந்தது. கைது செய்பவர் தம்மை அடையாளப்படுத்த வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், கைதை உறுதிப்படுத்தும் எழுத்து ஆவணத்தைக் குடும்பத்திடம் தர வேண்டும் என்ற ஜனாதிபதியின் பணிப்புரைகள் 2006 ஜூலையில் மீண்டும் வெளியிடப்பட்டிருந்தன. அந்தத் துண்டுக் கடிதத்தைக் கேட்டு வாங்கும்படி மக்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அன்று பெரிய அரசியல் செயல். கொழும்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் மனோ கணேசன் 2006இல் மக்கள் கண்காணிப்புக் குழுவைத் தொடங்கி, கடத்தப்பட்டோரின் குடும்பங்களை வரவழைத்துப் பெயர், திகதி, இடம் எனப் பட்டியல் தயாரித்தார். அதில் அவருடன் நின்றவர்களுள் சிங்கள இடதுசாரித் தலைவர் சிறிதுங்க ஜயசூரியவும், யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர் நடராஜா ரவிராஜும் இருந்தனர். ரவிராஜ் 2006 நவம்பர் 10 அன்று காலையில் நாரஹேன்பிட்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆவணத்தைக் கோரும் போராட்டத்துக்கு ஓர் எல்லை இருந்தது. ஆட்களைக் கடத்திச் சென்ற வெள்ளை வான் ஆவணம் எதையும் விட்டுச் செல்லவில்லை. யார் கொண்டுபோனது என்பதே தெரியாதபோது ஆட்கொணர்வு மனுவில், அதாவது தடுத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் விண்ணப்பத்தில், எதிர்மனுதாரராக யாரைக் குறிப்பிடுவது? ‘சுடர் ஒளி’ ஆசிரியர் ந. வித்தியாதரன் 2009 பெப்ரவரி 26 அன்று கல்கிசையில் ஒரு மலர்ச்சாலையில் இறுதிச் சடங்குக்கு நின்றபோது வானில் இழுத்துச் செல்லப்பட்டார். முதலில் அது கடத்தல் என்றும், பின்னர் கைது என்றும் பொலிஸாரே கூறினர். ஏப்ரலில் அவர் விடுவிக்கப்பட்டார். ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் ஊடகவியலாளர் ஜெ. எஸ். திசைநாயகமோ, ஒரு மாத இதழில் வெளியான இரு கட்டுரைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஆகஸ்டில் இருபது ஆண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை பெற்று, அடுத்த ஆண்டில் ஜனாதிபதியின் மன்னிப்பால் தப்பினார். ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று கொல்லப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த அச்சம் தமிழரின் தெருக்களுடன் நின்றுவிடவில்லை என்பது புலப்படும்.

கொட்டாஞ்சேனை, தெஹிவளை முதலிய இடங்களிலிருந்து 2008, 2009 ஆண்டுகளில் கடத்தப்பட்ட பதினொரு இளைஞர்களின் வழக்கில், தமிழ், முஸ்லிம் பெற்றோர் கொடுத்த முறைப்பாடுகளும் விடாமல் பின்தொடர்ந்த விசாரணை அதிகாரிகளும் சேர்ந்து கடற்படை வரை தடயத்தைக் கொண்டுசென்றனர். கப்பம் பறிக்கவே அவர்கள் பிடிக்கப்பட்டு, கொழும்பிலும் பின்னர் திருகோணமலையிலும் கடற்படையின் இடங்களில் வைக்கப்பட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவும் எதிரியாகச் சேர்க்கப்பட்டார். 2021இல் அவர்மீதான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை எனச் சட்டமா அதிபர் அறிவித்தார்.

தமிழ்க் கொழும்பின் சொந்த நடத்தையையும் இங்கே மறைக்க முடியாது. பதிவு இல்லாத வடக்கு இளைஞனுக்கு அறை கொடுக்க மறுத்த வீட்டுக்காரர்கள் பலர் தமிழரே. பொலிஸ் பதிவு உண்டா என்பதே வாடகைப் பேச்சின் முதல் கேள்வியாக இருந்தது. தலைமுறைகளாக நகரில் வாழ்ந்தவர்கள், புதிதாக வந்தவர்களால்தான் தமக்கும் தொல்லை என்று முணுமுணுத்தனர். அச்சத்தில் பிறந்த இந்த ஒதுக்கலைக் குற்றமாகச் சொல்வது எளிது என்றாலும், கண்காணிப்பின் பாதி வேலையை அயலவரைக்கொண்டே அரசு முடித்துக்கொண்டது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

அவசரகாலச் சட்டம் 2011இல் காலாவதியானது. ஆயினும் போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலான பின்னரும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை வீடுகளுக்குச் சிங்களப் படிவங்கள் வந்ததும், மனோ கணேசன் அதைக் கண்டித்து மீண்டும் குரல் எழுப்பியதும் நடந்தன; பொலிஸார் தந்த விளக்கம் இது எல்லோருக்கும் பொதுவான நடைமுறை என்பதே. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் தடுப்புக் காலம் 2022 திருத்தத்தில் பன்னிரண்டு மாதங்களாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு காலிமுகத்திடல் போராட்டத்தில் முன்னின்ற மாணவர் தலைவர் வசந்த முதலிகே அச்சட்டத்தின் கீழேயே மாதக்கணக்கில் அடைக்கப்பட்டபோது, அதன் தன்மை தெற்கிலும் பலருக்கு முதல் தடவையாக உறைத்தது. அச்சட்டத்தை நீக்குவது பற்றி ஒவ்வொரு ஆட்சியும் பேசுகிறது. 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவைப் பற்றிய பேச்சோ அரிது. சேகரித்த பட்டியல் எவ்வளவு காலம் எங்கே வைக்கப்படும், யார் பார்க்கலாம் என்ற கேள்வியைக் கொழும்பின் குடித்தனக்காரர்கள் இன்னும் பொலிஸ் நிலையக் கருமபீடத்தின் முன்னால் நின்று கேட்கத் துணிவதில்லை. பெரும்பாலோர் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.